வலப்பக்கம் விழ வேண்டிய பூ

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அடக்கமாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, நிலக்கடலையும் பனையுமாகக் கிடக்கும் எங்கள் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்குப் போய் இண்டர்மீடியட் படித்த பெண் அந்த நாளில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

கல்லூரியில் எங்களுக்குத் தர்க்க சாஸ்திரம் நடத்திய ஆசிரியர்தான் தியானத்தைக் கொண்டுவந்தார். முந்தைய வருடத் தேர்வில் கேள்வித்தாளைப் பார்த்ததும் சிலர் மயங்கி விழுந்தார்களாம். ஒருவன் ரசாயனத் தேர்வில் முழுக்க முழுக்கச் சரித்திரம் எழுதிவிட்டுத் திருப்தியாக வெளியே வந்தானாம். மனம் ஒருமைப்படாததுதான் காரணம் என்று ஆசிரியர் முதல்வரிடம் சொல்ல, முதல்வர் ஒப்புக்கொள்ள, மறுநாளே பெண்கள் விடுதியில் காலைக் காப்பிக்கு முன்னால் தியானம் கட்டாயமாகிவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். கொசு கடித்தால் சொறியாமல், கொசு கடிக்கிறது என்று அறிந்துகொண்டு சும்மா இருக்க வேண்டும். தியானம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. யாரும் கண்ணைத் திறக்கிறார்களா என்று பார்ப்பதற்காக வார்டன் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நடுவில் நடப்பார். ஒருநாள் ஒருத்தி எழுந்து, "இவள் பாதியில் கண்ணைத் திறந்தாள்" என்று பக்கத்திலிருந்தவளைக் காட்டிக்கொடுத்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்று வார்டன் கேட்டார். இருவருக்கும் காப்பி நிறுத்தப்பட்டது.

நான் அசையவே மாட்டேன். எறும்பு கழுத்தில் ஏறிக் காது வழியாகத் தலைக்குப் போனாலும் அசைய மாட்டேன். ஆசிரியர் மற்ற வகுப்புகளுக்கெல்லாம் என்னைத்தான் உதாரணம் சொன்னார். கோடை விடுமுறைக்குப் புறப்படும் நாளில் மட்டும், "ஊருக்குப் போனதும் இவளும் விட்டுவிடுவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவே நேரம் சரியாயிருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் தலைக்குக் குளித்தேன். முடி உலரட்டும் என்று விரித்துவிட்டுக்கொண்டு, காற்றுக்காகக் களத்து ஓரத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன். விரித்த தலை, வேப்பமரம், மூடிய கண். அந்த வழியாக நானே போயிருந்தால் நானும் ஒரு கும்பிடு போட்டிருப்பேன். இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அக்கா மோர் வாங்க வந்தவள், செம்போடு நின்றுவிட்டாள். பிறகு அவள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் போவது கேட்டது.

"ஏனுங்க அக்கா, சித்தெ வெளிய வந்து பாருங்க. உங்க அம்மிணி மேல ஆரோ வந்திருக்காங்க."

நேரம் முடியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் திறக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது எதிரே அம்மா மஞ்சள் தண்ணீரோடு நின்றாள். அக்கா கை கூப்பிக்கொண்டிருந்தாள். ஏர் பூட்டப் போயிருந்த அப்பா, ஏரை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"சாமியெல்லாம் இல்லீங்க அக்கா" என்றேன். "இது தியானமுங்க. மனச அடக்கறது. காலேஜ்ல சொல்லிக் குடுக்கறாங்க."

அக்கா அம்மாவைப் பார்த்து மெல்லச் சொன்னாள். "காலேஜ்லயே எறங்கிட்டாங்களாட்ட இருக்குதுங்க."

எங்கள் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்கிற வழக்கம் உண்டு. ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று தெரியாவிட்டால், அம்மன் தலையில் ஒரு பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். விழாவிட்டால் அம்மனுக்கு மனமில்லை என்று எழுந்து போய்விட வேண்டியதுதான். வாய் திறந்து பேசாத சாமியிடம் வேறு எப்படிக் கேட்பது. நானும் கண் மூடியிருக்கும்போது வாய் திறப்பதில்லை. ஆகவே மறுநாள் காலை, மூச்சு உள்ளே போவதை நான் கவனித்துக்கொண்டிருந்தபோது, என் தலையில் ஒரு அரளிப் பூ வந்து உட்கார்ந்தது.

"எரும நேத்திக்கிருந்து காணமுங்க" என்றாள் அக்கா. "கெழக்கால போயித் தேடட்டுங்களா?"

உடம்பில் எது பட்டாலும் பட்டது என்று அறிந்துகொண்டு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தேன். காற்றடித்தது. பூ வலப்பக்கம் விழுந்தது. எருமை கிழக்கே, அவளுடைய தம்பியின் சோளக்காட்டில் நின்றுகொண்டிருந்தது. அது எப்போது காணாமல் போனாலும் அங்கேதான் போகும். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தவர்கள்தான் மறுநாள் பூவோடு வந்தார்கள்.

இடம் மாற்றிப் பார்த்தேன். வீட்டுக்குள் உட்கார்ந்தால், அந்த அறையில் அம்மா சாணி மெழுகிக் கோலம் போட்டாள். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தேன். அம்மனுக்கு மாடுகள் மேல் பிரியம் என்று பேச்சாகி, அக்கம் பக்கத்துக் கன்றுக்குட்டிகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். தியானத்தையே விட்டிருக்கலாம் என்று கேட்பவர்கள் எங்கள் ஆசிரியரின் சிரிப்பைக் கேட்காதவர்கள்.

எல்லாவற்றிலும் மோசம், அப்பா என்னிடம் பேசும் விதம் மாறியதுதான். நேற்றுவரை "ஏம்புள்ள, அந்தக் கவுத்த எடு" என்றவர், சோற்றுத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, "இன்னுங் கொஞ்சம் சாப்புடறீங்களா தாயி" என்றார். நான் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"அப்பா, எம்மேல சாமி வரலீங்க. சத்தியமா வரலீங்க."

"மெய்யா வந்தவங்க நாந்தான் வந்திருக்கறேன்னு என்னைக்குங்க சொல்லியிருக்காங்க" என்றார் அவர், பணிவாக.

மறுத்தால் அதுவே சான்று. ஒப்புக்கொண்டால் கேட்கவே வேண்டாம். வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் அரைப் பக்கத்தில் உடைத்துப் போட்டிருப்பேன். அப்பாவிடம் உடைக்க முடியவில்லை.

கல்லூரி திறக்கும் நாள் நெருங்கியபோது நல்லேப்பிள்ளியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். நான் படிக்கப் போனதே அவருக்குப் பிடிக்காது. இப்போது வேறு காரணம் கிடைத்துவிட்டது.

"சாமி எறங்குன புள்ளைய பஸ்ஸுல ஏத்தறதுங்களா" என்றார் அப்பாவிடம். "அங்க ஆரு கையில சாப்புடுதோ, எங்க படுக்குதோ. அம்மனுக்குக் கோவம் வந்தா மழ பேயாதுங்க. பேசாம வேப்பமரத்துக்குக் கீழ ஒரு ஓலப் பந்தலப் போட்டு இங்கயே உக்கார வெச்சிருங்க."

அப்பா அன்று மாலையே பனையேறுபவரிடம் ஓலைக்குச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வருடம்தான் எனக்குப் பாக்கி. இண்டர்மீடியட் முடித்து ஆசிரியைப் பயிற்சிக்குப் போவது என்று நான் வைத்திருந்த கணக்கெல்லாம், ஒரு ஓலைப் பந்தலுக்குக் கீழே கண் மூடி உட்காருவதில் முடியப்போகிறது. இரவும் பகலும் சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அம்மன் அழுகிறாள் என்று அம்மா சூடம் கொளுத்தினாள்.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். "அம்மனையே கேட்டுப்போடலாமுங்க மச்சான். போகச் சொன்னா பஸ் ஏத்தித் தாட்டி உடறேன். இல்லீன்னா பந்தலு."

அதாவது, நான் கல்லூரிக்குப் போகலாமா என்று என் தலையில் பூ வைத்து என்னையே கேட்பது.

மறுநாள், கல்லூரிக்குப் புறப்பட வேண்டிய நாள் காலை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அப்பா, அம்மா, மாமா, எருமைக்கார அக்கா.  அப்பா என் உச்சந்தலையில் பூவை வைத்துவிட்டு விலகினார்.

காற்று இல்லை. ஒரு இலைகூட அசையவில்லை. நான் மூச்சைக் கவனித்தேன். மூச்சு உள்ளே போனது, வெளியே வந்தது. பூ இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு வருடமாக அசையாமல் இருக்கப் பழகிய தலை. கழுத்தை ஒரு நூல் அளவு வலப்பக்கம் சாய்த்தால் போதும். யாருக்கும் தெரியாது. ஆனால் அம்மன் சொன்னாள் என்று நான் சொன்னதாகிவிடும். அந்தப் பொய்யை ஒருமுறை சொன்னால் அடுத்த விடுமுறைக்கும் சொல்ல வேண்டும். அதைவிட, சாய்ந்துதான் விழவைத்தேன் என்று எனக்குத் தெரியுமே. சாயவில்லை. ஈ ஒன்று மூக்கில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று அறிந்துகொண்டேன்.

வெயில் காலுக்கு வந்தது. அக்கா ஒருமுறை இருமினாள். மாமா மூட்டைச் சொடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"உத்தரவில்லீங்க. ஓலைய எறக்கச் சொல்லுங்க."

நான் கண்ணைத் திறந்தேன். கையைத் தூக்கித் தலையிலிருந்த பூவை எடுத்தேன். எல்லாரும் பார்க்கும்படி என் வலப்பக்கம் தரையில் வைத்தேன்.



"இது கணக்குல சேராதுங்க" என்றார் மாமா. "பூவு தானா உழுகோணும். அவளே எடுத்து வெச்சா அது எப்பிடி."

"தானா உழுந்தாத்தானுங்க காத்தா சாமியான்னு சந்தேகம்" என்றாள் அக்கா. "கையில எடுத்துக் குடுத்ததுக்கு அப்பறம் என்ன சந்தேகங்கறேன்."

"எடுத்தது சாமியில்ல, புள்ள அவளா எடுத்தா."

"அப்பச் சாமி வரலீங்கறீங்களா? இத்தன நாளு நாங்க கும்புட்டது ஆரைங்க?"

 எனக்கு அப்போதுதான் வகுப்பு நினைவுக்கு வந்தது. இருபக்கமும் வாசல் வைத்து, எந்த வாசலில் புகுந்தாலும் ஒரே முற்றத்தில் கொண்டுபோய் விடும் வாதம் ஒன்று உண்டு. அதில் நான் வகுப்பில் முதல்.

"மாமா, நான் சொல்றதக் கேளுங்க. இப்ப எடுத்து வெச்சது சாமின்னா, உத்தரவு குடுத்தாச்சு. நான் போகோணும். எடுத்து வெச்சது நாந்தான், சாமி இல்லீன்னா, பந்தலு போட்டு உக்கார வெக்கறதுக்கு இங்க சாமியே இல்லீங்க. அப்பவும் நான் போகோணும்."

மாமா தரையில் கிடந்த பூவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்து, நடுவில் விட்டுவிட்டார்.

அப்பா தோளிலிருந்த துண்டை உதறித் தலையில் கட்டினார். "பதில் இருந்தாச் சொல்லுங்க மச்சான். இல்லீன்னா நான் வண்டியக் கட்டறேன், ஒம்பது மணி பஸ்ஸு போயிரும்."

 டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றியவர் மாமாதான்.

பஸ் நிறுத்தத்துக்கு அக்காவும் வந்தாள். அவளோடு வழியில் சேர்ந்துகொண்ட சிலர் கையில் பூவோடு நின்றார்கள். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற பஸ் வந்தது. உள்ளே கூட்டம். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தேன். முந்தின இரவு முழுக்கத் தூங்காததால் கண் சொக்கியது. ஜன்னலுக்கு வெளியே அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் ஒரு அரளிப் பூ தயாராக இருந்தது. பஸ் நகர்ந்த பிறகும், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பின் இருக்கையில் இருப்பது தெரிந்ததால், பாலக்காடு வரும்வரை நான் கண்ணை மூடவே இல்லை.