கயிறு கட்டிய முப்பத்திரண்டு மரங்கள்

என் ஜெராக்ஸ் கடையில் மிஷினுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் நீல நைலான் கயிறு ஒன்று சுருட்டி மாட்டியிருக்கும். "மாடு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு. அது என் அண்ணி தன் மிளகுத் தோட்டத்தைச் சுற்றிக் கட்டிய கயிறு. பதினொரு நாள் கட்டியிருந்தது. கடைசியில் அவிழ்த்தவள் நான். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எரியட்டும் என்றுதான் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அண்ணன் காய்ச்சலில் போனபோது அண்ணிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விடுவார் என்று ஊரே எதிர்பார்த்தது. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி எல்லோரையும்விட அதிகமாக எதிர்பார்த்தார். அண்ணி போகவில்லை. சரிவில் கீழ்ப்பாதிக்கு மரவள்ளி போட்டார். மேல்பாதியில் நின்ற முப்பத்திரண்டு சவுக்கு மரங்களுக்கும் ஒவ்வொன்றாக மிளகுக்கொடி ஏற்றினார். கொடி காய்ப்புக்கு வர ஆண்டுகள் ஆகும். அதுவரை கூலிக்குப் போனார், மரவள்ளிக்கிழங்கைத் தின்றார், யாரிடமும் கை நீட்டவில்லை. என்ன கேட்டாலும் "பாத்துக்கலாம் கண்ணு" என்பார். அந்தக் கொடிகள் இருந்ததால்தான் அவர் இந்த மலையில் இருந்தார். அது எனக்குத் தெரியும், பங்காளிக்கும் தெரியும்.

மேல்வரிசை மரங்கள் தன் எல்லைக்குள் வருகின்றன என்று பங்காளி கிளப்பிவிட்டார். எங்கள் ஊரில் இப்படி ஒரு வழக்கு வந்தால் ஊர்க்கூட்டத்தில்தான் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்க முடியாது. புருஷன் இல்லாதவளுக்காகப் புருஷனுடைய பங்காளி பேசவேண்டும். அண்ணிக்காகப் பேச வேண்டிய ஆள் யார் என்றால், இதே பங்காளிதான். என்ன நியாயம் பாருங்கள். இந்த வழக்கத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வரும்.

அந்த நேரத்தில்தான் போலீஸ் வகுப்பு வந்தது. காவல் நிலையம் எப்படி நடக்கிறது, புகார் எப்படிக் கொடுப்பது என்று மக்களுக்குச் சொல்லித்தர ஆறு சனிக்கிழமை வகுப்பு. நோட்டீசு என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள். முதல் தாள் சூடாக வெளியே வந்தபோதே அண்ணியின் பெயரை வருகிறவர்கள் பட்டியலில் எழுதிவிட்டேன். சமுதாயக் கூடத்துக்கு, மலையில் தள்ளியிருக்கும் ஊர்த்தொகுதிகளான ஆலத்தூர் நாட்டிலிருந்தும் எடப்புளி நாட்டிலிருந்தும்கூடப் பெண்கள் நடந்து வந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷி, அதை மறைக்கமாட்டேன். புகார் கொடுத்தால் ரசீது கேளுங்கள், எழுதத் தெரியாவிட்டால் சொல்லச் சொல்ல அவர்கள்தான் எழுதவேண்டும், ஸ்டேஷனில் உட்கார நாற்காலி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றெல்லாம் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். அண்ணி ஐந்தாவதுவரை படித்தவர். என் கடையில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் கொட்டை கொட்டையாக அத்தனையும் எழுதிக்கொண்டார்.

நான்காவது சனிக்கிழமை பாடம், குற்றம் நடந்த இடத்தைக் காப்பது. கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, சுற்றிச் சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு, கயிறு கட்டினார்கள். போலீஸ் வந்து பார்க்கும்வரை ஒரு துரும்பைக்கூடத் தொடக்கூடாது, தொட்டால் சாட்சியம் போய்விடும் என்றார் இன்ஸ்பெக்டர். ஆறு வாரத்தில் அண்ணி வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி அன்றைக்குத்தான்.

"ஏனுங்க, தொடாம எத்தன நாளைக்குங்க பாத்துட்டு இருக்கறது?"

கூடமே சிரித்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு, "நாளெல்லாம் எதுக்கும்மா, ஒரு மணி நேரத்துல வந்து நிப்போம்" என்றார். அண்ணி அதையும் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

வகுப்பு முடிந்த மாதமே இன்ஸ்பெக்டரை மாற்றிவிட்டார்கள். அடுத்த ஆனி மழையில் ஒரு காலை, அண்ணி தோட்டத்துக்குப் போனால் முப்பத்திரண்டு கொடிகளும் அடியோடு வெட்டுப்பட்டிருக்கின்றன. கொடுவாளால் ஒரே சாய்வு வெட்டு. பங்காளியின் வேலை என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். கொடிகள் மரத்தைப் பிடித்தபடிதான் நின்றன, பிஞ்சுச் சரங்கள் பச்சையாகத் தொங்கின. வேர் மட்டும் இல்லை. அண்ணி அழவில்லை. என் கடைக்கு வந்து, தாள் கட்டுகளைக் கட்ட வைத்திருந்த கயிற்றுச் சுருளை வாங்கிக்கொண்டு போய், மேல்பாதி முழுக்கச் சுற்றிக் கட்டினார். கீழே அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார். பிறகு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் போட்டோ எடுத்துக் கலரில் பிரிண்ட் போட்டிருந்தேன். புகாரோடு பின் அடித்து வாங்கிக்கொண்டார்கள். அண்ணி ரசீது கேட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "ஓ, வகுப்புக்கு வந்த அம்மாவா" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ரசீது கிடைத்தது. அந்தச் சிரிப்பும் சேர்ந்து கிடைத்தது.

மிளகு விவசாயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், வெட்டிய கொடி செத்த கொடி அல்ல. அன்றைக்கே கணுக்கணுவாக நறுக்கிப் பையில் நட்டால் பாதிக்கு மேல் வேர் பிடித்துவிடும். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டம்மா கத்தியும் மண் பையுமாக வந்து நின்றார். "கொடி வாடறதுக்குள்ள நறுக்குவோம், வாங்க" என்றார். அண்ணி என்னைப் பார்த்தார்.

"தொடலாமா கண்ணு?"

நான் வேண்டாம் என்றேன். படித்தவளாம், கடை வைத்தவளாம், சட்டம் தெரிந்தவளாம் நான். "வகுப்புல சொன்னாங்கல்ல அண்ணி, அவங்க வந்து பாக்கோணும்" என்றேன். பக்கத்து வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவளுக்கு மதி எங்கே போச்சு என்பார்களே, அந்தப் பார்வைக்கு அதுதான் அர்த்தம்.

மூன்றாம் நாள், ஊர்க்கூட்டத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பினார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டிய பயிரை வாடுவதற்குள் கூட்டத்தின் நடுவில் கொண்டுவந்து போடவேண்டும். பச்சை இருக்கும்வரைதான் வழக்கு, காய்ந்துவிட்டால் நீயே விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. "அந்தப் புள்ளைக்காக இந்த வாட்டி நானே பேசறேன், ஒரு கொடிய மட்டும் கொண்டாரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணி கயிற்றுக்கு வெளியே, மழையில், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போலீசு வந்துருமுங்க. கலைக்கப்படாதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மழை கரைத்த இடத்தில் மறுபடி சாம்பல் போட்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மா வகுப்பில் ஒரு நம்பர் கொடுத்திருந்தார். அதற்குப் போட்டால் ஓர் ஆண் குரல், "எந்த அம்மா?" என்றது. நம்பர் நாற்காலிக்குச் சொந்தமாம், ஆளுக்கு அல்ல. நான் ஸ்டேஷனுக்கு நான்கு முறை நடந்தேன். ஜீப் கீழே போயிருக்கிறது, பந்தோபஸ்து, எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரவேண்டாமா என்று தினம் ஒரு காரணம். வேலியே பயிரை மேய்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். மேயவாவது வேலி வந்திருக்கவேண்டுமே.

பதினோராம் நாள் ஒரு ஏட்டு வந்தார். அதற்குள் இலையெல்லாம் கறுத்துக் கொட்டி, சரங்கள் நூலாகத் தொங்கின. மழைக்காலத்தில் அட்டை இருக்கும் என்று அவர் ரோட்டைவிட்டு இறங்கவில்லை. கீழே வந்து வெட்டைப் பாருங்கள் என்று அண்ணி கெஞ்சினார். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்தே பார்த்தார்.

"இது வாடல் நோயும்மா. எங்க மாமனார் தோட்டத்துலயும் இப்படித்தான் காஞ்சுது. தோட்டக்கலை ஆபீசுல மருந்து தருவாங்க, போய்க் கேளுங்க."

நோய் என்றே எழுதி முடித்தார்கள். போட்டோ எங்கே என்று கேட்டேன். புகாரில் பின் அடித்த ஓட்டை மட்டும் இருந்தது. மறுபடி பிரிண்ட் போட்டு நீட்டினேன், முடித்த புகாரைத் திறக்கமாட்டோம் என்றார்கள். ஊர்க்கவுண்டரிடம் போனேன். "காஞ்ச குச்சிய வெச்சுட்டு எப்படிக் கண்ணு நியாயம் பேசறது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் என் மேல் வந்த அளவுக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் நான் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். அண்ணி உதவிக்கு வரவில்லை.

மரவள்ளியை மட்டும் நம்பி இரண்டு வருஷம் இழுத்தார். பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார். எடுக்க முன்வந்த ஒரே ஆள் பங்காளிதான். இன்று அண்ணி மலையடிவாரத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறார். கோழிக்கு நடுவே நின்று போன் பேசினால் எனக்கு எதுவும் கேட்காது. "பாத்துக்கலாம் கண்ணு" என்பது மட்டும் கேட்கும். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னத்தைப் பார்த்துக்கொள்வது?

போன வாரம் ஒரு இளம் எஸ்.ஐ. கடைக்கு வந்தார். மறுபடி போலீஸ் வகுப்பாம். நூறு நோட்டீசு எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன், கயிற்றையும் எடுத்துக்கொண்டு. அதே கூடம், அதே கவிழ்த்த நாற்காலி. கட்டுவதற்குக் கயிறு தேடினார்கள். நான் நீட்டினேன். எஸ்.ஐ.க்குச் சந்தோஷம். கட்டிமுடித்து, ஒரு துரும்பைக்கூடத் தொடக்கூடாது என்றார். நான் எழுந்தேன்.

"ஏனுங்க, தொடாம எத்தன நாளைக்குங்க பாத்துட்டு இருக்கறது?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அண்ணியின் தோட்டம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எஸ்.ஐ. கூட்டத்தைப் பார்த்தார். "சீக்கிரமே வந்துருவோங்க" என்றார். சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். சூழ்நிலையைப் பொறுத்தது என்றார். முன்னால் போய் என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்தாள். "அப்ப வெட்டிப் போட்டாங்கன்னா, கொடிய எடுத்து நட்டுக்கலாமாங்க?" என்று கேட்டாள். அவள் எஸ்.ஐ.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"போட்டோ எடுத்துக்க. பக்கத்துல நாலு பேரக் கூப்புட்டு வெட்டக் காட்டு. அப்புறம் அன்னைக்குச் சாயங்காலமே நட்டுரு கண்ணு" என்றேன். இந்தப் பதிலை நான் சொல்லியிருக்கவேண்டிய சாயங்காலம் வேறு, கேட்டவர் வேறு. கடையைத் திறந்து கயிற்றை அதே ஆணியில் மாட்டினேன்.