கைக்கு வளைத்த பம்பர்

ஏற்காட்டில் நான் ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டிய காலத்தில், பம்பர் செய்து தரும் வெல்டர் ஒருவர் இருந்தார். வெல்டிங் ஒளியில் கறுத்த முகம். ஒரு கண்ணை எப்போதும் பாதி மூடியே வைத்திருப்பார். எந்தக் குழாயை எடுத்தாலும் முதலில் இரண்டு கைகளாலும் இறுகப் பற்றி, கனமான எதையோ தூக்குபவர்போல மூச்சை அடக்குவார்.

எனக்குக் கொம்பு வைத்த பம்பர் வேண்டும், எதிரே வருகிறவன் மிரள வேண்டும் என்றேன்.

"அது கெடக்கட்டுமுங்க. சக்கரம் பள்ளத்துல எறங்குனா வண்டிய ஆருங்க தூக்குவாங்க?"

"ஏறி வர்றவங்கதான். காப்பி பறிக்கிற பொம்பளைங்க."

"அப்ப அவுங்க கையத்தானுங்க நான் பாக்கோணும்."

மறுநாள் மஞ்சக்குட்டையில் ஜீப்புக்குக் காத்திருந்த பெண்களிடம் ஒவ்வொரு குழாயாகக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே பிடித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. பம்பரும் புடலங்காய் மாதிரி வளைந்து நெளிந்து வந்தது, முணுமுணுத்துக்கொண்டேதான் மாட்டினேன்.

ஐப்பசி மழையில், செம்மநத்தம் போகும் வழியில், முன்சக்கரம் சேற்றுப் பள்ளத்தில் இறங்கியது. நான் சுற்றி வருவதற்குள் பெண்கள் முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். யாரும் இடம் தேடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தியின் கை போய்ப் பொருந்தியது.

"தூக்குங்க புள்ளைங்களா!" என்று அவர்களில் மூத்தவள் குரல் கொடுத்தாள்.

ஜீப்பின் முகம் சாமி பல்லக்கு மாதிரி எழும்பியது. நானும் கைகொடுக்கப் போனேன். எனக்குப் பிடிக்க இடமே மிச்சமில்லை.

அந்த பம்பர் இன்றுவரை எதிலும் மோதியதில்லை. ஆனாலும் பெயின்ட் போயிருக்கிறது, கைகள் பிடிக்கும் இடங்களில் மட்டும்.