நாலுமான்சியின் பேச்சைக் கேட்காத கார்

கம்பாலாவில் பிரசவம் பார்க்கும் நர்ஸ் நாலுமான்சி, ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தாள். ஸ்டீயரிங் பொத்தான்களில் இருந்த எழுத்து அவளுக்குப் புரியவில்லை. ஏசியைக் குறைக்கப் போனால் சீட் சுடும்.

அன்று வாண்டெகெயா சந்திப்பு நெரிசலில் போன் அடித்தது. அழைத்தவன் அவள் பார்த்துவந்த நிறைமாதக்காரி நம்பூசியின் கணவன் கிகோசி. ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தானை அமுக்கினாள், அழைப்பு துண்டானது. அடுத்த முறை வேறு பொத்தான், அதுவும் துண்டித்தது. எரிச்சலோடு காரை ஓரங்கட்டி, போனைக் கையில் எடுத்துப் பேசினாள். அவன் குரலோ கார் ஸ்பீக்கரில் அலறியது.

“ஏன் சிஸ்டர் கட் பண்றீங்க? தண்ணிக்குடம் உடைஞ்சிருச்சு.”

“நானா பண்றேன்? இந்தக் கார் பண்ணுதுப்பா. தண்ணி என்ன நிறம்?”

“பச்சையா இருக்கு.”

“குழந்தை உள்ளயே மலம் கழிச்சிருக்கு, ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நான் அங்க வந்துடறேன்.”

ஜன்னல் திறந்திருந்ததால் தெருவே அதைக் கேட்டது. நாலுமான்சிக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தில் நின்ற வாடகை மோட்டார் சைக்கிள்காரன் சொன்னான்: “நீங்க காரோட சண்டை போட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ள பள்ளிக்கூடம் போயிரும். ஏறுங்கம்மா.”

ஏறினாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை தாமதமாகத்தான் அழுதது, ஆனால் அழுதது.

காரை எடுக்க மறுநாள்தான் போனாள், அதுவும் வேண்டாவெறுப்பாக.