மேன்முறையீட்டின் பின்பக்கம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவி. போரால் கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து, உடுவிலில் தெரிந்தவர்களின் வீட்டு விறாந்தையில் குடும்பமாக இருந்தோம். அந்த நேரம் பார்த்து, எங்களுக்குத் தோட்டக்காணி இருக்கிறதென்று சொல்லி பல்கலைக்கழகத்தில் என் உதவிப்பணத்தை நிறுத்திவிட்டார்கள். அது இல்லாவிட்டால் படிப்பே இல்லை.

பொருளாதாரத் தடையால் எழுதத் தாள் கிடைக்காத காலம். அப்பாவின் பைக்குள் ஒரு பக்கம் வெறுமையாக இருந்த தாளொன்றை எடுத்தேன். காணி இராணுவத்தின் கைக்குள் போய்விட்டது, வருமானமே இல்லை என்று மேன்முறையீடு எழுதிக் கொடுத்தேன்.

உதவிப்பணப் பிரிவு அலுவலர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பினார்.

"உது என்ன பிள்ளை?"

பின்பக்கம் முழுக்க அப்பா வெங்காயம் விற்ற கணக்கு! அவசரத்தில் அது என்னவென்று நான் பார்க்கவேயில்லை. பொய்க்காரி என்று படிப்பிலிருந்தே விலக்கிவிடுவார்களோ என்று பயந்தேன்.

"அது தோட்டத்தில கடைசியாய்க் கிண்டி எடுத்த வெங்காயம், சேர். அடுத்த கிழமை ஊரை விட்டு வெளிக்கிட்டிட்டம். பிறகு அந்தப் பக்கம் போகேலாமல் போச்சு."

அவர் கணக்கிலிருந்த திகதியை உற்றுப் பார்த்தார். "ஓம், நீங்கள் வெளிக்கிட முந்தின திகதிதான். உது அப்பிடியே இருக்கட்டும், ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்புவம்."

பதில் வர மூன்று கிழமை ஆனது. பணம் திரும்பக் கிடைத்தது.

இப்போது எந்தத் தாளையும் பின்பக்கம் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை. கேட்காமல் ஒருவரின் பைக்குள் கைவைப்பதுமில்லை. அப்பா அந்தத் தாளைப் பல நாள் தேடினார். நான் வாய் திறக்கவில்லை.