சீட்டில் பை இருந்தால் பஸ் நிற்குமா?

1997 ஏப்ரல், சனிக்கிழமை. டல்லாஸிலிருந்து அமரில்லோவுக்கு 360 மைல், டிக்கெட் நாற்பத்தொன்பது டாலர், பஸ் காலை 7.15-க்கு. நான் பஸ்ஸில் போகிறேன் என்றதும் டல்லாஸ் புறநகரான காப்பெல்லில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இங்கே காருக்கு வழியில்லாதவர்கள்தான் பஸ் ஏறுவார்கள் என்பது அவர் எண்ணம். வேறு வழியில்லை. டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை கோட்டை விட்டவள் நான். கணவர் ஆபீஸ் வேலையாக சான் ஹோசேயில். அமரில்லோவில் என் தோழி செல்விக்குத் தலைப்பிரசவம். அவள் அம்மாவுக்கு இரண்டு தடவை விசா மறுத்துவிட்டார்கள். அவள் கணவன் குமாரோ ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற ரகம். பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டியதும் வெறும் புல்வெளி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு தாலுகாவே அடங்கும்.

11.40-க்கு வெர்னன். பத்து நிமிடம் நிற்கும் என்றார் டிரைவர். பையை சீட்டில் போட்டுவிட்டு இறங்கி, பெட்ரோல் பங்க் போனில் செல்வியை அழைத்தேன். வீட்டில் யாரும் எடுக்கவில்லை; முன்பே தந்திருந்த ஆஸ்பத்திரி எண்ணில் கிடைத்தாள்.

"அக்கா, வலி வந்துருச்சு. அட்மிட் பண்ணிட்டாங்க. நீங்க வந்துருவீங்கல்ல?"

"நாலு மணிக்குள்ள அங்க இருப்பேன்டி. பயப்படாத."

அழுதாள். பேசிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸைப் பற்றிக் கவலையே இல்லை. நம்மூரில் சீட்டில் துண்டு போட்டால் இடம் நம்முடையது. ஆள் ஏறாவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் கூரை அதிரக் கத்துவார். இங்கே கண்டக்டரும் இல்லை, கத்துவாரும் இல்லை. திரும்பிப் பார்த்தால் பஸ் போயே போய்விட்டது. அடுத்த பஸ் மறுநாள்தான் என்றார் பங்க்காரர்.

பக்கத்தில் ஒரு சின்ன மியூசியம். உள்ளே ஓடினேன். காவலுக்கு இருந்த டோனா என்ற ஐம்பது வயதுப் பெண் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, பஸ் அடுத்து நிற்கும் சில்ட்ரெஸ் ஊரின் பஸ் ஆபீசுக்கு போன் போட்டார். விசாரித்துச் சொல்கிறோம், லைனிலேயே இருங்கள் என்றார்கள். நின்ற இடத்தில் என் கால் தரிக்கவில்லை. சுற்றிலும் வண்டிகள். முதலில் எருது பூட்டிய வண்டி. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போனால் பெரிய விஷயமாம். அடுத்தது நான்கு கோவேறு கழுதைகள் இழுத்த தபால் வண்டி. கடைசியில் ஒரு மோட்டார் பஸ். காரை வெட்டி நீட்டி, பக்கவாட்டில் படுதா கட்டியிருந்தார்கள். மழை பெய்தால் சேற்றில் புதையும் அந்த பஸ்ஸை இழுக்க, ஓய்வு கொடுத்திருந்த கழுதைகளையே மறுபடி பூட்டுவார்களாம். எனக்கு அந்த அவசரத்திலும் சிரிப்பு வந்தது.

போனைக் காதில் வைத்தபடியே டோனா சொன்னார், அந்த மோட்டார் பஸ்ஸை ஓட்டியவர் அவருடைய கணவரின் தாத்தா என்று. வெட்டவெளியில் யார் கை காட்டினாலும் அவர் நிறுத்துவாராம். நிறுத்தாமல் போனால் அந்த ஆள் இரவுக்குள் எந்த வீட்டையும் எட்ட முடியாது.

சில்ட்ரெஸ்ஸில் பஸ் சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் நிற்கும் என்று பதில் வந்தது. டோனா கதவில் 'மூடியுள்ளது' பலகையைத் திருப்பிவிட்டு தன் பிக்கப் டிரக்கின் சாவியை எடுத்தார். அறுபது மைல். ஸ்பீடோமீட்டரைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

12.55-க்குப் போய்ச் சேர்ந்தோம். பஸ் நின்றிருந்தது. "பத்து நிமிடம் என்று சொன்னேனே, மேடம்," என்றார் டிரைவர். என் சீட்டில் பை அப்படியே இருந்தது. டோனாவைக் கட்டிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஒருவருக்கு ஒருவர் எட்டாத தூரத்தில் வாழ்கிறவர்களை ஒட்டாதவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். தப்பு.

3.50-க்கு அமரில்லோ ஆஸ்பத்திரி. குமார் நாற்காலியில் தலையைப் பிடித்தபடி, "உள்ள போங்கக்கா, என்னால முடியல," என்றான். பிரசவ அறை வாசலில் நர்ஸ் மறித்தார்: நெருங்கிய சொந்தம் மட்டும்தான், நீங்கள் யார்?

நான் வார்த்தை தேடுவதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து செல்வி கத்தினாள்: "ஷி இஸ் மை மதர்!"

அவளுக்கு இருபத்தெட்டு, எனக்கு முப்பத்திரண்டு. நர்ஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார்.