அண்ணன் சேர்த்த மலைச் சிப்பாய்த் தொப்பிகள்

விராலிமலையில், திருச்சி–மதுரை சாலையோரம் மளிகைக்கடை வைத்திருந்த எங்கள் அண்ணன் நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் பலருக்கும் ஒரு கேள்வி இருக்கும்: பனியையே பார்த்திராத மனிதருக்கு, பனிமலையில் சண்டை போட்ட சிப்பாய்களின் பழைய தொப்பிகள் எதற்கு? கூடப்பிறந்த எனக்கே அது முழுதாக விளங்கியதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்ததும் இவ்வூரில்தான். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, தம் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த வருஷம், திருச்சிக்குச் சரக்கெடுக்கப் போனவர் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கூர்க்காத் தொப்பியோடு வந்து நின்றார். உள்ளே வியர்வைக் கறை இருந்தது.

"யாரு தலையோ, என்ன ஆனானோ தெரியலையேடா!"

அன்று பிடித்த கிறுக்கு விடவே இல்லை. வடக்கே போய்வரும் லாரி டிரைவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். வடமேற்கு எல்லைமலைச் சிப்பாயின் கூம்புக் குல்லா வந்தது. இத்தாலி மலைப்படைத் தொப்பி ஒன்றும் வந்தது. அதில் கறுப்பாக ஒற்றை இறகு.

எங்களைப் பெற்ற ஆத்தாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "செத்தவன் தொப்பி, அதுல காக்கா எறகு வேற. எவன்டா ஒனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்பார். குளத்தூரிலிருந்து பெண்வீட்டார் வரும் நாளிலும் தொப்பிகளை ஒளித்து வைக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. ஆத்தா கறுப்பு இறகைப் பிடுங்கி எறிந்தார். எங்கள் ஊரில் காலடியில் கிடக்கும் மயிலிறகு ஒன்றை அதில் செருகி, தொப்பியை முருகன் படத்தருகே மாட்டிவிட்டார்.

பெண்ணின் தாய்மாமன் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகபக்தி உள்ள மாப்பிள்ளை. இதுக்கு மேல என்னத்த விசாரிக்கிறது?"

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. அது சாமி சாமான் இல்லைங்க, இத்தாலி சிப்பாய் தொப்பி. ஆளு இருக்கானா செத்தானான்னே தெரியல."

வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஆத்தா அண்ணனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். வீடு இழவு விழுந்தாற்போல் கிடந்தது.

அடுத்த வாரம் தாய்மாமன் மட்டும் வந்தார். "நடந்ததைச் சொன்னா அந்தப் புள்ள சிரிக்குது மாப்பிள்ளை. கூடி வந்த கல்யாணத்துக்காகக்கூடப் பொய் சொல்லாதவரு, எங்கிட்ட என்னத்த மறைக்கப் போறாருங்குது. அந்தத் தொப்பியெல்லாம் யாரு தலையில இருந்துச்சுன்னும் கேட்டுட்டு வரச் சொல்லுச்சு" என்றார். அண்ணன் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பெண்தான் எங்கள் அண்ணி. பிறகு இருவருமாகச் சேர்ந்து விசாரித்தார்கள். ஒரு தொப்பிக்கும் ஆள் அகப்படவில்லை. அதனால் அண்ணன் ஆடி அமாவாசைதோறும் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த கையோடு, முகம் தெரியாத அந்தச் சிப்பாய்களுக்கும் இறைப்பார். "உசிரோட இருந்தா என்னண்ணே பண்றது?" என்று கேட்டேன். "இருந்தா நல்லா இருக்கட்டும்டா" என்றார்.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தபோது புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கார் கொடுத்த அன்பருக்கும், கடையைத் தம் கடைபோல் பார்த்துக்கொண்ட அண்டை வியாபாரிகளுக்கும், செய்தி கேட்டு லாரியை நிறுத்தி அழுத டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

பிள்ளைகள் இல்லாத அண்ணனுக்கு இந்த ஆடி அமாவாசையில் நான்தான் இறைத்தேன். தொப்பிக்காரர்களுக்கும் இறைப்பதா என்று தயங்கி அண்ணியைப் பார்த்தேன்.

"அவங்களுக்கும் ஊத்துங்க தம்பி" என்றார் அண்ணி. "ஒங்க அண்ணன் இந்நேரம் ஒவ்வொருத்தரையாத் தேடிப் புடிச்சு, எந்தத் தொப்பி ஒன்னோடதுன்னு கேட்டுக்கிட்டிருப்பாரு."