ஏழு நாள் மாஸ்டர்

எங்கள் பக்கத்து வீட்டில் தண்ணீர் கொண்டுவருவது தருமன்தான். சைக்கிளின் இரண்டு பக்கமும் குடங்களைத் தொங்கவிட்டு, தெருக்குழாயிலிருந்து தள்ளிக்கொண்டே நடப்பார். காலிக் குடங்களோடு போகும்போதும் ஏறி உட்காரமாட்டார். கேட்டால், "தொழிலுக்கு மிதிக்கிறது போதாதாங்க, சும்மா வேற மிதிக்கணுமா?" என்பார்.

அவருடைய தொழில் சைக்கிளைவிட்டு இறங்காமல் இருப்பது. திடலில் கம்பம் நட்டு, ட்யூப்லைட் கட்டி, அதைச் சுற்றிச் சுற்றி ஏழு நாள் ஓட்டுவார். குளியல், சவரம், இட்லி எல்லாம் வண்டிமேலேயே. மைக்கில் பேசுவது தம்பி கருப்பன். குழந்தைகளைத் தூக்கிக் கொடுத்தால் ஒரு சுற்று சுற்றிக் காட்டி, அழாமல் திருப்பிக் கொடுப்பார். திருவண்ணாமலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. மாஸ்டர் என்றால் அவர்தான்.

சினிமாவில் இரண்டாம் ஆட்டம் விட்டுக் கூட்டம் கலைந்ததும் மாஸ்டர் இறங்கிவிடுவார். தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு கருப்பன் ஏறிக்கொள்வான். விடியுமுன் பால்காரர் மணியடித்து மாஸ்டரை எழுப்பிவிட்டுப் போவார். இது ஊருக்கே தெரியும். யாரும் இதை ஏமாற்று என்று சொன்னதில்லை. கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் திரைக்குப் பின்னால் டீ குடித்தால் யார் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள்?

டெல்லியில் ஆசிய விளையாட்டு நடக்கவிருந்த சமயத்தில் கோதண்டராமன் வந்து சேர்ந்தார். சென்னையில் ஆராய்ச்சி செய்கிற இளைஞர். நெடுநேரம் சைக்கிள் மிதிப்பவரின் இதயமும் மூச்சும் களைப்பை எப்படித் தாங்குகின்றன என்பது அவருடைய விஷயம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், தோளில் ரப்பர் பை. சைக்கிளோடு கூடவே ஓடி, மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார். மாஸ்டரைவிட அவருக்குத்தான் அதிகம் இரைக்கும். ரப்பர் பைக்குள் மூச்சை விடச் சொன்னபோது கூட்டத்திலிருந்து யாரோ, "பலூன் எவ்ளோ சார்?" என்று கேட்டார். அவரும் சேர்ந்து சிரித்தார். நல்ல பிள்ளை.

ஏழாம் நாள் மாஸ்டரின் நாடி முதல் நாளைவிட நிதானமாக இருந்தது. எடையும் குறையவில்லை. கோதண்டராமனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்படி ஒரு உடம்பைப் பற்றி எந்தப் பாடத்திலும் படித்ததில்லை என்று மைக்கிலேயே சொல்லி, ஒரு மாலையும் போட்டார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார்.

ராத்திரி இறங்குவதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் மாஸ்டரைக் கேட்டேன்.

"படிச்சவராச்சே, தெரிஞ்சுதான் வந்துகிறாருன்னு இருந்தேங்க. தெரியாதுன்னு எனக்குப் புரியறதுக்குள்ள மாலையைப் போட்டுட்டாரு."

அதன்பிறகு அவர் திடல் பக்கம் போகவில்லை. கீழ்பென்னாத்தூர் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். முட்டி வலி என்று சொல்லிவிட்டார். மனைவி வள்ளிக்கு ஆத்திரம். "ஊரே கண்டும் காணாம கீது. ஒத்த ஆளு நம்பிட்டாருன்னு இப்படிச் சோறு எறங்காம குந்திகினு கீறியே" என்று அவள் கத்துவது எங்கள் அடுப்படிவரை கேட்கும். மாஸ்டர் குடங்களை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர்கள் வீட்டில் அப்போது தண்ணீர் ஜாஸ்தி.

பங்குனியில் கோதண்டராமன் மறுபடியும் வந்தார். சென்னை ஆளை உட்காரவைக்க எங்கள் வீட்டு நாற்காலியை வாங்கிப் போனார்கள். நானும் அதன் பின்னாலேயே போனேன். மாஸ்டரைச் சென்னைக்கு அழைத்துப்போய், ஓடாமல் நிற்கிற சைக்கிள் ஒன்றில் ஏற்றி, டாக்டர்கள் இரவும் பகலும் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறார்களாம். வண்டிக்கு மூன்று சக்கரமா என்று வள்ளி விசாரித்தாள். மாஸ்டர் சுவரைப் பார்த்து, முட்டி வலி என்றார்.

கோதண்டராமன் டீயைக் குடிக்காமல் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் முகம் சரியில்லை. போன தடவை மைக்கில் பேசிய குரல் இப்போது பக்கத்திலிருந்த எனக்கே அரைகுறையாகத்தான் எட்டியது.

"மாஸ்டர், ராத்திரி பூரா பக்கத்துலயே இருந்து பார்த்தேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஆனா நான் லாட்ஜுக்குப் போய்ப் படுத்துடுவேன். இப்ப எங்க புரொபசர் நம்பமாட்டேங்கிறார். எனக்கு எல்லாமே அதுலதான் இருக்கு. நீங்க எறங்கலைதானே?"

வள்ளி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கருப்பன் எப்போது எழுந்துபோனான் என்று தெரியவில்லை.

"ஒரு தடவைகூட எறங்கலைதானே, மாஸ்டர்?"

மாஸ்டர் எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துப் பாதம்வரை இறக்கிவிட்டுக்கொண்டார். தரையில் இறங்கிய கால் தெரியாமல் அதை ஒரு கையால் பிடித்தபடியே, நிலைப்படியில் குனிந்து வெளியே போனார்.